வாழவந்தி காஷ்மீர் இல்லை

என் தோல்பையில், சில்லறைக்கும் டிக்கெட் மிஷினுக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் ஆப்பிள் கிடக்கிறது. கையை விடும்போதெல்லாம் தட்டுப்படுகிறது. எடுத்து முகர்ந்தால் கடையில் புதிதாக வாங்கிய வாளியின் வாசம். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெயிலில் சாயம் போய் வெளிறிய ரோஸ். காம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பி வளையம். நல்லவேளை, நீ இதைப் பார்க்காமல் போய்விட்டாய் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. நீ இருந்திருந்தால் இதைக் கட்டித் தொங்கவிட எவனுக்காவது தைரியம் வந்திருக்குமா என்று இன்னொரு நேரம் வயிறு எரிகிறது.

இது என் கைக்கு வந்தது மார்கழி பிறந்த வாரத்தில். பஸ் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து உருண்டு வந்து என் செருப்பில் மோதியது. யாருடையது என்று கேட்டேன். சுற்றுலா வந்த ஒரு அம்மா, காஷ்மீர் பாயிண்ட்டில் மரத்தில் நிறையக் கட்டி வைத்திருந்தார்கள், எங்கள் பாப்பா ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டாள் என்றார். பாப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏற்காட்டில் ஏது காஷ்மீர் என்று கேட்டேன். வாழவந்திக்குக் கொஞ்சம் முன்னால், சில்வர் ஓக் வரிசையைத் தாண்டி, சாலைக்கு மேலே மேட்டு நிலம், கல் அடுக்கிய வேலி என்று அவர் அடையாளம் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடேறியது. அது உன் நிலம். அந்தக் கண்றாவியைத் தொங்கவிட்டிருப்பது உன் மரங்களில்.

தினமும் அந்த வழியாகத்தானே போகிறாய், உனக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று நீ கேட்பாய். கேள். போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் உன்னை ஆம்புலன்ஸில் இறக்கியபோது நானும் கூட இருந்தேன். அடிவாரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று காலையிலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். காபித் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளை கழிக்க ஆள் வந்திருக்கிறது என்று மத்தியானம் வரைக்கும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாயாம். அன்றிலிருந்து உன் நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். ஆள் இறங்கியதும் விசில் ஊதிவிடுவேன். மேட்டுப் பக்கம் கண்ணை ஓட்டியதே இல்லை.

உனக்கும் எனக்கும் ஆப்பிள் என்றால் என்னவென்று தெரிந்தது போர்வெல் லாரியில்தான். இருபது வயதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறினோம். நீ மலைக்காரன், நான் சேலத்துக்காரன், இரண்டு பேருக்கும் ஊரில் வேலை இல்லை. வண்டி இமாச்சலத்துக்குப் போகிறது என்றார்கள். கம்பிகளுக்கு மேல் தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு மரமாக நம்மை விட்டுப் போவதைப் பார்த்தோம். முதலில் தென்னை குறைந்தது. பிறகு பனை. புளிய மரமும் எங்கேயோ நின்றுபோனது. அதன் பிறகு கண்ணுக்கு எட்டியவரை கடுகுப் பூவும் கோதுமையும். ஊர்ப் பெயர்ப் பலகைகளை நம்மால் வாசிக்க முடியவில்லை. நீ மரத்தை வைத்துத்தான் தூரம் சொன்னாய். "புளி போச்சுடா. இனி ரசத்துக்கு என்ன பண்ணுவானுங்க?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாய்.

நாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே கடுங்குளிர். ஓர் ஆப்பிள் தோட்டத்துக்குள் வண்டியை நிறுத்தினார்கள். மரங்களைப் பார்த்ததும் நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். ஒன்றில்கூட ஓர் இலை இல்லை. குச்சி குச்சியாக, வரிசை வரிசையாக நின்றன. நமக்குத் தெரிந்து இலை கொட்டுவது பங்குனி வெயிலில். அடிவாரக் காட்டில் தண்ணீர் இல்லாமல் மரம் மொட்டையாக நிற்பதைத்தான் பார்த்திருந்தோம். இங்கேயும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டோம். பாவம், இதுக்குத்தான் போர் போடக் கூப்பிட்டிருக்கிறான் என்று பேசிக்கொண்டோம்.

போரில் தண்ணீர் வந்த அன்று சாயந்தரம், யாரும் சொல்லாமலே நீயும் நானும் குழாயை இழுத்துக்கொண்டு போய் மரம் மரமாகத் தண்ணீர் விட்டோம். புண்ணியம் செய்த சந்தோஷத்தில் சாப்பிட்டுப் படுத்தோம். விடிந்து பார்த்தால் ஒவ்வொரு மரத்தின் காலடியும் கண்ணாடிப் பாளமாக உறைந்து கிடந்தது. தோட்டத்துக்காரர் ஓடி வந்தார். அவர் இந்தியில் கத்தியது நமக்கு ஒன்றும் புரியவில்லை. நம் வண்டி டிரைவர் கேட்டுவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் சொன்னார்: "மரம் சாகலைடா, தூங்குதாம். தூங்குற புள்ள மூஞ்சியில தண்ணி ஊத்துனீங்களாடான்னு கேக்குறாரு."

எனக்கு அவமானம். உனக்கு ஆச்சரியம். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நீ அந்தத் தோட்டத்திலேயே கிடந்தாய். உச்சி வேளையிலும் உன் நிழல் நீளமாக வடக்கே விழுவதை எனக்குக் காட்டினாய். நம் ஊரில் சித்திரையில் ஒரு நாள், ஆவணியில் ஒரு நாள், மத்தியான வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். நடுவில் உள்ள மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கேயே போய்விடும். அங்கே அந்தப் பேச்சே இல்லை. சூரியன் எப்போதும் தெற்கேதான். அதுவும் அந்தக் குளிர்காலத்தில் மலை விளிம்பை ஒட்டியே ஊர்ந்து போய், டீ குடிக்கும் நேரத்துக்குள் மறைந்துவிடும். இரவு முடியவே முடியாது. இவ்வளவு நீள ராத்திரி இருந்தா நானும்தாண்டா தூங்கிருவேன், மரத்தைச் சொல்லிக் குத்தமில்லை என்றாய்.

ஊர் திரும்பும்போது ஈரச் சாக்கில் கன்றுகளைச் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். நான் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தேன், நீ உன் மேட்டு நிலத்தில் குழி வெட்டினாய். கன்றுகள் உயிர் பிடித்தன, வளர்ந்தன, தளதளவென்று நின்றன. பூ மட்டும் இல்லை. வருஷக்கணக்கில் பச்சையாகவே நின்றன. பழுத்த இலை விழும் முன்பே புது இலை வந்தது. ஊரில் கேலி செய்தார்கள். நானும் செய்தேன். ஆப்பிள் இலையில் ரசம் வைக்கலாமா என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போவேன். நீ பதிலுக்குக் கல்லை எடுத்துக் காட்டுவாய்.

அப்போது ஊரே ஒன்றைத்தான் சொன்னது. இங்கேயும் குளிருது, அங்கேயும் குளிருது, அப்புறம் ஏன் காய்க்காது? என் பஸ்ஸில் இதைக் கேட்காத நாளே இல்லை. அடிவாரத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் பாதி மலையில் ஜன்னலைச் சாத்துவார்கள். மூங்கில் காடு போய் காபியும் ஆரஞ்சும் வந்ததும், அப்படியே காஷ்மீருங்க என்பார்கள். ஒரு தடவை நீ என் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் அதைச் சொல்லி மாட்டிக்கொண்டார். நீ எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வகுப்பே எடுத்துவிட்டாய். எனக்கு அது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"மேல ஏறுனா குளுருமுங்க. அதுக்காக வடக்க போயிட்டம்னு அர்த்தம் இல்லீங்க. இங்க ஒரே நாள்ல கோடையும் குளிரும் வந்துட்டுப் போயிருது. ராத்திரி கம்பளி, மத்தியானம் பனியன். அங்க அதுக்கு ஒரு வருசம் ஆகுமுங்க. மரத்துக்கு அந்த ஒரு வருசந்தான் கணக்கு."

அந்த மனிதர் பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நீ சொன்னது நான் தினமும் பார்க்கிற விஷயம். மார்கழியானாலும் ஆடியானாலும் என் முதல் டிரிப்பில் வெளிச்சம் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். நமக்கு ராத்திரி என்பது வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுப் போர்வை. அங்கே அது பாதி வருஷம் நீண்டு, பாதி வருஷம் சுருங்குகிறது. வாரக்கணக்காகக் குளிர் விடாமல் அமுக்கினால்தான் ஆப்பிள் மரம் கண்ணை மூடும். மூடினால்தான் பிறகு பூவாகத் திறக்கும். நம் மலைக்கு அப்படி அமுக்கத் தெரியாது. ராத்திரி தாலாட்டிவிட்டுக் காலையில் தானே எழுப்பிவிடுகிறது.

அதனால்தான் நீ தாலாட்டை உன் கையில் எடுத்துக்கொண்டாய். பழைய மரங்களை எடுத்துவிட்டு, குறைந்த குளிரே போதும் என்கிற ரகத்தைத் தேடிப் பிடித்து நட்டாய். அதற்கும் நம் குளிர் பற்றவில்லை. மார்கழியில் மழை விட்டதும் தண்ணீரை நிறுத்தி, ஏணி போட்டு ஏறி, மரத்தில் இருக்கிற ஒவ்வொரு இலையையும் கையால் உருவினாய். உன்னைப் பைத்தியம் என்றார்கள். உன் வீட்டுக்காரி செல்லம்மாள் கூட, பச்ச மரத்தை மொட்டையடிக்கறது பாவமில்லீங்களா என்று அழுதாள். என்னையும் ஒரு லீவு நாளில் ஏணியில் ஏற்றினாய். இலையைக் கீழே இழுத்தால் கையில் தட்டுவாய். "மேல தள்ளுடா. இலைக்கு அடியில பூ வர்ற கண்ணு இருக்குது. கீழ இழுத்தா கண்ணும் கூட வந்துரும்." மரம் தனக்குக் குளிர்காலம் வந்துவிட்டதாக நம்பியது. தை முடிவதற்குள் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்தது. ஆப்பிள் எலுமிச்சை அளவுதான் வந்தது. பல் கூசும் புளிப்பு. நான் முழுதாகத் தின்று முடிக்கும்வரை நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நல்லாருக்கு என்றேன். பொய் சொல்லாதடா, புளி போன ஊர்ல இருந்து வந்த மரம், இப்பத்தான் புளி கத்துக்கிட்டிருக்கு என்று சிரித்தாய்.

அந்த மரங்களில்தான் பிளாஸ்டிக்.

மறுநாள் உன் நிறுத்தத்தில் இறங்கினேன். கடைசி நிறுத்தம் அடுத்ததுதான், வண்டி அங்கே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது ஏறிக்கொள்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மேட்டில் ஏறினேன். கல் வேலி வாசலில் 'தென்னாட்டுக் காஷ்மீர்' என்று போர்டு. பக்கத்து ரிசார்ட்காரர்கள் இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். தரையெல்லாம் தலையணைப் பஞ்சைப் பரப்பி அதைப் பனி என்கிறார்கள். உள்ளே விட ஆளுக்கு ஒரு டிக்கெட். மரங்களுக்கோ பார்க்க முடியாத கோலம். போன மார்கழியில் யாரும் இலை உருவவில்லை அல்லவா, பழைய இலை புள்ளி விழுந்து கருகித் தொங்குகிறது, நுனியில் மட்டும் நோஞ்சானாய் ஒரு கொழுந்து. அதற்கு நடுவே சிவப்புச் சிவப்பாய் இந்தச் சனியன்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு கிளையில் கம்பி பட்டை வரைக்கும் இறங்கியிருந்தது.

மேனேஜர் சின்ன வயசுக்காரர், கீழே சேலத்திலிருந்து வந்தவர். உச்சி வெயிலில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். நான் முடிந்தவரை மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். இந்த மாதம் இலையை உருவினால்தான் மரம் பிழைக்கும், நானே லீவு போட்டு வந்து செய்கிறேன் என்றேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, சீசன் டைமுங்க இது. மொட்ட மரத்தை யாருங்க போட்டோ எடுப்பாங்க? தை பொறந்தா இதையெல்லாம் வெட்டிட்டு ஃபைபர் மரம் வெக்கிறமுங்க, லைட்டோட. இது நோய் புடிச்ச மரமுங்க."

நோய் இல்லை தம்பி, தூக்கம் இல்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எழுதக் கை கூசுகிறது. காக்கிச் சட்டையோடு நின்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நீயே சொல். உள்ளதை உள்ளபடி காட்டினால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு? ஒரே நாளில் கம்பளியும் பனியனும் கேட்கிற மலை, வருஷத்தில் இரண்டு நாள் நிழலே இல்லாமல் நிற்கிற ஊர், இதையெல்லாம் காட்ட ஒரு போர்டு எழுத மனசில்லை. எங்கேயோ இருக்கிற ஊரின் பெயரை நம் நெற்றியில் ஒட்டித்தான் விற்க வேண்டுமா? அந்தக் காஷ்மீர்க்காரன் வந்து பார்த்தால் அவனுக்குமல்லவா கோபம் வரும்?

செல்லம்மாள் காபிப் பழம் பறித்த சாக்கோடு கீழ்த் தோட்டத்திலிருந்து ஏறி வந்தாள். இருந்த கோபத்தை அப்படியே அவள் பக்கம் திருப்பினேன். எப்படி மனசு வந்தது உனக்கு, அவன் பிள்ளை மாதிரி வளர்த்த மரம், ஒரு மார்கழி ஓய்வு கொடுத்தால் போதுமே என்று கத்தினேன். அவள் சாக்கை இறக்கி வைத்தாள். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"இத்தன நாளா எங்கீங்கண்ணா இருந்தீங்க? பஸ்ஸுல எட்டிக்கூடப் பாக்கலியே நீங்க. ஊட்டுக்கு முன்னால நாளெல்லாம் பாட்டு, கூட்டம். புள்ளையை நர்ஸ் படிக்க வெக்கோணுமுன்னு இதுக்கு ஒத்துக்கிட்டனுங்க. மரத்துக்கு ஓய்வு வேணும்னு அவுரும் சொன்னாரு, இப்ப நீங்களும் சொல்றீங்க. எனக்கு எப்பங்கண்ணா ஓய்வு?"

கீழே பஸ் திரும்பி வந்து நின்றது. போய் ஏறிக்கொண்டேன். அன்றைக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. பஞ்சைப் பனி என்று நம்புகிறவர்கள் மேல், குல்லாக்காரர் மேல், நெஞ்சு வலியை ஒளித்து வைத்த உன் மேல், ஒன்றரை வருஷமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டு விசில் ஊதிய என் மேல். இரண்டு பேருக்கு டிக்கெட்டைத் தவறாகக் கிழித்துக் கொடுத்தேன்.

அரையாண்டு லீவில் ஏற்காடு வழிந்துகொண்டிருந்த ஒரு நாள். படிக்கட்டு வரை ஆள் தொங்க, பஸ் உன் நிறுத்தத்தில் நின்றது. இந்தத் தடவை மேட்டைப் பார்த்தேன். ஏணி தெரிந்தது. ஏணியில் செல்லம்மாள். அடுத்த மரத்தில், லீவுக்கு வந்திருந்த உன் மகள். விடியும் முன்பே ஆரம்பித்திருக்கிறார்கள். பாதி மரங்களுக்கு மேல் இலை இல்லை. வெறும் குச்சிகளில் பிளாஸ்டிக் ஆப்பிள்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அவள் தொடவே இல்லை, அது அவர்கள் சாமான் என்று விட்டுவிட்டாள். அதையும் கூட்டம் நின்று சிரித்துச் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

நான் ஓடி ஏறும்போது மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். இந்த மாசத்தோட வாடகை நின்னுரும் பாத்துக்குங்க என்று செல்லம்மாளைப் பார்த்துச் சொன்னார். அவள் ஏணியிலிருந்து இறங்கவில்லை, திரும்பக்கூட இல்லை. கை பாட்டுக்கு இலையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"நிறுத்திக்குங்க சாமி. போறப்ப உங்க பஞ்சையும் கூட்டி அள்ளிக்கிட்டுப் போயிருங்க."

படிப்புக்கு என்ன செய்வாய் என்று மெதுவாகக் கேட்டேன். காப்பி இருக்குதுங்கண்ணா, ஆரஞ்சு இருக்குது, பாத்துக்கலாமுங்க என்றாள். உன் மகள் அடுத்த மரத்திலிருந்து, நீங்க ஏணி புடிப்பீங்களா இல்ல கேள்வி கேட்டுட்டே இருப்பீங்களா மாமா என்றாள். அசல் உன் வாய். ஒரு டிரிப்புக்கு வேறு கண்டக்டரை வைத்துக்கொள்ளச் சொல்லி டிரைவரிடம் கத்திவிட்டு நான் ஒரு மரத்தில் ஏறினேன். அன்று மேனேஜர் ஆட்களை வைத்து ஆப்பிள்களைக் கழற்றி மூட்டை கட்டினார். வெட்டுக்குத் தப்பி மரமும் உன்னுடையதாக நின்றது. பூக்குமா, எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் தூங்காத மரம், கண்ணெல்லாம் பழுதாகியிருக்கலாம். இப்போது தை பாதி ஆகிறது. நான் தினமும் பார்க்கிறேன், இன்னும் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி யாராவது பஸ்ஸில் அப்படியே காஷ்மீருங்க என்றால் இல்லீங்க, இது வாழவந்தி என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறேன். சிலர் முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.

உனக்குச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். கடைசி மரமும் முடிந்தபோது மத்தியானம். பாட்டுப் பெட்டி நின்று, கூட்டம் கலைந்து, மேடு அமைதியாக இருந்தது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்த செல்லம்மாள் உதிர்ந்த இலைகளின் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கை விரல்களில் பச்சைக் கறை. இலை இல்லாததால் மார்கழி வெயில் முழுதும் அவள் மேல் விழுந்தது. நிழலில் படுக்கச் சொல்லலாமா என்று எழுந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பா போனதிலிருந்து அம்மா இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை என்றாள்.

அடுத்த டிரிப்பில் பஸ் திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஹாரன் அடிப்பதற்குள் கையை ஆட்டிக்கொண்டே மேட்டிலிருந்து ஓடி இறங்கினேன். ஏறியதும் பழக்கத்தில் விசில் வாய்க்குப் போய்விட்டது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டினேன். அன்றிலிருந்து உன் நிறுத்தத்தில் நான் விசில் ஊதுவதில்லை.